ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும் பின் ஆக்சிலில் ஊளைச் சத்தம்: கிரவுன், பினியன் மாற்றத்தான் வேண்டுமா?

கோத்தகிரி லோடு:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஆகியவற்றை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டி வருகிறேன். டீசல் எஞ்சின், பின்சக்கர இழுவை, லீஃப் ஸ்பிரிங்கில் கட்டிய பின் ஆக்சில், 215/75 ஆர் 15 டயர்கள். வண்டி 1,60,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சில வாரங்களாகப் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது. அது வரும் விதம் விசித்திரமாக இருப்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

காலி வண்டியைச் சமதளச் சாலையில் ஓட்டும்போது, மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் ஆக்சிலரேட்டரை மிதித்துப் போனாலும் பின்னால் அமைதியாகவே இருக்கிறது. ஆனால் காலை எடுத்த மறுகணமே ‘ஊ’ என்று நீண்ட ஊளை கிளம்பி, வேகம் குறையக் குறைய அதன் சுருதியும் இறங்கி, 35க்கு வந்ததும் மறைந்துவிடுகிறது. இடையில் மீண்டும் மிதித்தால் சத்தம் அப்படியே அறுந்துபோகிறது. லோடு ஏற்றி மலை இறங்கும்போது எஞ்சின் பிடிப்பிலேயே வர வேண்டியிருப்பதால், 30 கிலோமீட்டர் வேகத்திலேயே ஊளை தொடங்கி அடிவாரம் வரை விடாமல் கேட்கிறது.

சத்தம் தொடங்குவதற்கு முன் வண்டியில் இரண்டு வேலைகள் நடந்தன. ஆக்சில் ஹவுசிங்கின் முன்மூக்கில், எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் ஆயில் கசிந்ததால், ஒரு பட்டறையில் பினியன் (ஷாஃப்டோடு சுழலும் சிறிய பல்சக்கரம்) ஆயில் சீலை மாற்றினார்கள். அதே வாரத்தில், பாரத்தில் வண்டி அதிகம் அமர்கிறது என்பதற்காக இருபுறமும் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தேன். சத்தம் வந்த பிறகு வேறொரு பட்டறையில் காட்டியபோது, சக்கரத்தைத் தாங்கும் ஹப் பேரிங்தான் என்று உறுதியாகச் சொல்லி இரண்டு பக்கமும் மாற்றினார்கள். சத்தத்தில் எள்ளளவும் மாற்றமில்லை. இப்போது அவர்களே கிரவுனையும் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) பினியனையும் செட்டாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்கு ஆகும் செலவைக் கேட்டால் ஒரு பருவத்தில் மிஞ்சும் பணம் முழுவதும் போய்விடும் போலிருக்கிறது. அந்தச் செலவு உண்மையிலேயே தேவைதானா, அதற்கு முன் நானே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது ஏதேனும் உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சங்ககிரி பட்டறை:

வணக்கம். சத்தம் எப்போது வருகிறது, எப்போது அறுகிறது என்பதை இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். பெரும்பாலோர் ‘பின்னால் சத்தம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை நிறுத்திச் செல்வார்கள். அப்புறம் மெக்கானிக் தனக்குப் பழக்கமான பாகத்திலிருந்து ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குவார். உங்கள் ஹப் பேரிங்குகளுக்கு நேர்ந்தது அதுதான்.

கிரவுன் வீலின் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு முகங்கள் உண்டு. நீங்கள் மிதிக்கும்போது பினியன் ஒரு முகத்தில் அழுத்துகிறது. காலை எடுத்ததும் சக்கரம்தான் பினியனைச் சுழற்றுகிறது என்பதால் அழுத்தம் மறுமுகத்துக்கு மாறுகிறது. பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ஆகவே அழுத்தம் முகம் மாறும்போது பினியன் தண்டின் மேல் விழும் நீளவாட்டத் தள்ளுதலும் திசை மாறும். மிதிக்கையில் பினியன் கிரவுனை விட்டு விலகி முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தப் பாரத்தைப் பல்லை ஒட்டியுள்ள பெரிய பேரிங் சுமக்கிறது. காலை எடுத்ததும் பினியன் கிரவுனை நோக்கி உள்ளே இழுக்கப்படுகிறது. இப்போது பாரம் ஃப்ளாஞ்ச் (ஷாஃப்ட் போல்ட்டால் இணையும் தட்டு) பக்கம், அதாவது ஆயில் சீலுக்கு அடுத்தாற்போல் இருக்கும் சிறிய பேரிங்கின் மேல் விழுகிறது. அந்தப் பேரிங் தேய்ந்திருந்தாலோ, பினியன் நட்டின் இறுக்கம் தளர்ந்திருந்தாலோ, பினியன் உரிய இடத்தில் நிற்காமல் உள்ளே நகர்ந்து, பல் பொருந்தும் இடம் மாறி, நீங்கள் சொல்லும் ஊளை வரும். பற்களே தேய்ந்து காலை எடுக்கும்போது மட்டும் கத்தும் வண்டி என் கைக்கு மிக அரிதாகவே வந்திருக்கிறது. இப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை பினியன் பேரிங்கில்தான் போய் முடிந்தன.

இங்கே அந்த ஆயில் சீல் வேலையைத்தான் நான் சந்தேகிக்கிறேன். பினியன் சீலை மாற்ற வேண்டுமானால் ஃப்ளாஞ்சைக் கழற்ற வேண்டும். ஃப்ளாஞ்சைக் கழற்ற வேண்டுமானால் பினியன் நட்டை எடுக்க வேண்டும். பல பிக்கப் வண்டிகளில் இரண்டு பினியன் பேரிங்குகளுக்கும் நடுவே நசுங்கி அமரும் ஒரு குழாய், கிரஷ் ஸ்லீவ் என்பார்கள், இருக்கும். நட்டை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவுக்கு அது நசுங்கி, பேரிங்குகளுக்கு வேண்டிய முன்னழுத்தத்தைத் தருகிறது. நட்டின் பழைய நிலையைப் புள்ளி குத்தி அடையாளம் வைக்காமல், காற்றுத் துப்பாக்கியால் மனம்போன போக்கில் இறுக்கினால் ஸ்லீவ் அளவுக்கு மீறி நசுங்கும். பேரிங் இறுகிச் சூடாகி, ரோலர் ஓடும் பாதை செதில் செதிலாக உதிரும். பயந்துபோய்க் குறைவாக இறுக்கினாலோ, பினியன் முதல் நாளிலிருந்தே ஆடும். எப்படிப் பார்த்தாலும் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் சத்தம் வந்துவிடும்.

நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை போட்டுவிட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஃப்ளாஞ்சும் சேரும் இடத்தில் இரண்டிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டைக் கீழே தொங்கவிடாமல் கயிற்றால் கட்டிவையுங்கள். பிறகு ஃப்ளாஞ்சை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சுழலும் திசையில் மெல்லிய ஒரு ‘டிக்’ அளவுக்கு ஆட்டம் இருப்பது இயல்பு. அது பல்லுக்குப் பல் விட்டுவைத்த இடைவெளி. மேல்கீழாகவோ முன்பின்னாகவோ கைக்குத் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருக்கவே கூடாது.

அந்த ஆட்டம் இருந்தால் லோடு ஏற்றி மலை இறங்காதீர்கள் என்று கண்டிப்பாகவே சொல்கிறேன். பினியன் பேரிங் உடைந்து இறுகிக்கொண்டால் பின்சக்கரங்கள் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் அப்படி நடந்தால் என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பிரிங் பட்டறைக்காரர்:

மேலே சொன்னதை மறுக்கவில்லை. என்றாலும் கூடுதல் பட்டையை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே என்பதற்காக எழுதுகிறேன். பட்டை சேர்த்ததும் காலி வண்டியின் பின்பக்கம் உயர்கிறது. சட்டத்துக்கும் ஆக்சிலுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. புரொப்பெல்லர் ஷாஃப்டின் சரிவு முன்பைவிடச் செங்குத்தாகிறது. ஷாஃப்டின் முனையில் உள்ள மடங்கும் இணைப்பான ஜாயின்ட் கிராஸ் ஒரு கோணத்தில் மடங்கிச் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். பின் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள கோணங்கள் சமமாக இருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிக்கொள்ளும். அவற்றுக்குள் ஒரு பாகைக்கு மேல் வேறுபாடு வந்தால் அதிர்வு தொடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியைப் பினியன் ஃப்ளாஞ்சின் முகத்திலும், ஷாஃப்டின் மேலும், சென்டர் பேரிங் (இரண்டு துண்டு ஷாஃப்டை நடுவில் தாங்குவது) பக்கத்திலும் வைத்து மூன்று அளவுகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகக் கட்டியபின் லோடு ஏற்றி ஓட்டிவிட்டு மறுபடியும் இறுக்கினீர்களா? அதைச் செய்யாவிட்டால் ஆக்சில் தன் இருக்கையிலேயே திரும்பும்.

காலி வண்டியில் கேட்டு, லோடு ஏற்றினால் குறையும் சத்தமாக இருந்தால் என் பங்கு அதிகம். உங்கள் வண்டியில் லோடோடு கூடுகிறது என்பதால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

தொழிற்பயிற்சி ஆசிரியர்:

இரண்டு கருத்துகளில் எது பொருந்தும் என்பதைப் பாகங்களைக் கழற்றாமலே எண்களைக் கொண்டு பிரித்துவிடலாம். மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்: பின்பக்கத்தில் சக்கரத்தின் சுழற்சி, ஷாஃப்டின் சுழற்சி, பற்களின் மோதல் என்று மூன்று வேறு வேறு வேகங்களில் சத்தம் எழலாம், ஆகவே கோளாறு எந்தப் பாகத்தில் என்பதைச் சத்தத்தின் சுருதியே காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் டயரின் விட்டம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர், சுற்றளவு 2.2 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏழரை முறை சுழலும். சக்கரத்தோடு சுழலும் ஒரு பாகத்தில் ஒரே இடத்தில் பழுது இருந்தால், நொடிக்கு ஏழெட்டுத் தட்டுகளாக, வேகத்தைக் குறைத்தால் விரல்விட்டு எண்ணிவிடும் அளவுக்குக் கேட்கும். ஹப் பேரிங் கரடுமுரடாகிவிட்டால் அது உறுமலாகும். அந்த உறுமல் மிதித்தாலும் எடுத்தாலும் பெரிதாக மாறாது. அகன்ற காலி மைதானத்தில் வண்டியை இடமும் வலமுமாக மெல்ல வளைத்து ஓட்டும்போது பாரம் ஒரு பக்கம் சாய்வதால்தான் அது கூடிக் குறையும். கிரவுனுக்கு 41 பற்களும் பினியனுக்கு 10 பற்களும் என்று வைத்துக்கொண்டால் (உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான எண் இருக்கும்), அதே 60இல் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 31 முறை சுழல்கிறது. ஷாஃப்ட் சமநிலை தவறினால் 31 ஹெர்ட்ஸிலும், நண்பர் சொன்ன ஜாயின்ட் கோணம் பிசகினால் அதன் இருமடங்கான 62 ஹெர்ட்ஸிலும் அதிர்வு வரும். அது காதில் கேட்பதைவிட இருக்கையிலும் தரையிலும் அதிகம் உணரப்படும் கனத்த முழக்கம். பல்லோடு பல் மோதுவதோ நொடிக்கு 31ஐப் பத்தால் பெருக்கினால் வரும் 310 ஹெர்ட்ஸ். ஊளை என்று நீங்கள் எழுதியது இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

கைபேசியில் ஒலியின் அலைவெண்ணைக் காட்டும் இலவசச் செயலிகள் பல உண்டு. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உடன் வருபவர் ஒருவர் கைபேசியைப் பின்பக்கம் வைத்துக்கொள்ள, 60இலும் 50இலும் காலை எடுத்து, எந்த எண்ணில் முனை எழுகிறது என்று குறித்துவாருங்கள். அத்துடன், போக்குவரத்தில்லாத சமதளச் சாலையில் ஒரு முறை 60இல் நியூட்ரலுக்கு மாற்றியும் கேளுங்கள். அப்போது பற்களின் மேல் ஏறக்குறைய பாரமே இருக்காது. ஊளை தணிந்தால் ஹப், டயர், பிரேக் டிரம் மூன்றையும் பெரும்பாலும் விலக்கிவிடலாம். மலைச் சாலையில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

கோத்தகிரி லோடு:

மூவருக்கும் மிக்க நன்றி. லோடு எடுப்பதை நிறுத்திவிட்டு, காலி வண்டியை மெதுவாக மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி, காரமடைச் சாலையில் காலை நேரத்தில் சோதித்துப் பார்த்தோம். கையேட்டின்படி என் வண்டிக்கும் 41க்கு 10தான். 60இல் காலை எடுத்தால் செயலியில் 305க்கும் 312க்கும் இடையில் ஒற்றை முனை கூர்மையாக எழுகிறது. 50இல் அது 255க்கு அருகே வந்து நிற்கிறது. நியூட்ரலில் ஊளை ஏறக்குறைய இல்லை; டயர் சத்தம் மட்டுமே மிஞ்சுகிறது. 62 பக்கம் சின்னதாக ஒரு மேடு தெரிகிறது, ஆனால் அது மிதித்தாலும் எடுத்தாலும் ஒரே மாதிரியாக இருக்கிறது.

ஷாஃப்டைக் கழற்றி ஃப்ளாஞ்சையும் அசைத்துப் பார்த்தேன். மேலும் கீழும் அசைத்தபோது கைக்கு ஆட்டம் தெரிந்தது; முன்பின்னாக இழுத்துத் தள்ளியபோது ‘டொக்’ என்று தெளிவாகவே கேட்டது. வடிகால் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மாவு போன்ற பசை ஒட்டியிருந்தது. அதை விரலில் தேய்த்துப் பார்த்தபோது மெல்லிய வெள்ளித் தகடு போன்ற துகள்கள் சில தட்டுப்பட்டன. ஆனால் பல் உடைந்த துண்டு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. இப்போது பேரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா, செட்டையே மாற்ற வேண்டுமா?

சங்ககிரி பட்டறை:

ஆட்டமும் அலைவெண்ணும் ஒன்றையே சொல்கின்றன. காந்தத்தில் நுண்ணிய பசை ஒட்டுவது எல்லா வண்டியிலும் உண்டு. செதிலாக வரும் மெல்லிய துகள் பேரிங்கின் பாதையிலிருந்து உரிந்தது. துண்டு துண்டாக வந்திருந்தால்தான் பல்லைச் சந்தேகிக்க வேண்டும்.

செட்டை வாங்குவதா வேண்டாமா என்பதைக் கழற்றிப் பல்லைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பல்லின் இரு முகங்களையும் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். முகம் வழவழப்பாக, ஒரே சீரான பளபளப்புடன் இருந்தால் அதே செட் ஓடும். குழி விழுந்திருந்தாலோ, உரசிய கோடுகள் இருந்தாலோ, நகத்துக்குத் தட்டுப்படும் விளிம்பு உருவாகியிருந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும்; அப்போதும் கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே வாங்க வேண்டும், ஏனெனில் அவை தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று ஓடவிட்டுப் பொருத்தப்பட்டவை.

வேலை செய்யும் இடத்தில் நீங்கள் கூடவே நின்று சிலவற்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். பினியனின் இரண்டு பேரிங்குகளையும் கப்போடு (ரோலர் ஓடும் வெளி வளையம்) சேர்த்து மாற்ற வேண்டும். புதிய ரோலரைப் பழைய கப்பில் ஓடவிடக் கூடாது. கிரஷ் ஸ்லீவும் நட்டும் புதியவையாக இருக்க வேண்டும். பினியன் தலைக்கு அடியில் இருந்த ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) அதே தடிமனில் திரும்பப் போக வேண்டும். கிரவுனின் இரு பக்கத்துப் பேரிங் மூடிகளை இடம் வலம் மாற்றிவிடாதபடி கழற்றும்போதே புள்ளி குத்திவிடச் சொல்லுங்கள். நட்டை நீளக் கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் பினியனைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசையை அளந்து பார்க்க வேண்டும். புதிய பேரிங்குக்குப் பல வண்டிகளில் அது 2 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் எண்ணே இறுதியானது. அளவைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்க முடியாது. நசுங்கிய ஸ்லீவ் மீண்டும் நிமிராது. இன்னொரு புது ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் பொறுமை இழப்பவர்களிடம் வண்டியை ஒப்படைக்காதீர்கள்.

அதன்பின் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துப் பல் இடைவெளியைப் பார்க்க வேண்டும். பொதுவாக 0.15 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கிரவுனைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளந்தால்தான் நம்பலாம். பல்லில் மை தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுப்பகுதியில் விழுகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: முதலில் சீல் ஏன் கசிந்தது? ஹவுசிங்கின் மேல் ஒரு சிறிய மூச்சுக் குழல் இருக்கும். மலை இறக்கத்தில் ஆக்சில் சூடாகும்போது உள்ளே விரியும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சேறு அடைத்துக்கொண்டால் அந்த அழுத்தம் ஆயிலைச் சீலின் வழியே வெளியே தள்ளும். அதைச் சுத்தம் செய்யாமல் எத்தனை சீல் மாற்றினாலும் கசிவு நிற்காது.

கோத்தகிரி லோடு:

வேலை முடிந்தது. கோயம்புத்தூரில் டிஃபரென்ஷியல் (கிரவுன், பினியன் அடங்கிய பகுதி) வேலை மட்டுமே செய்யும் ஒரு பட்டறையில் கொடுத்து, கூடவே நின்று பார்த்தேன். ஃப்ளாஞ்ச் பக்கத்துச் சிறிய பேரிங்கின் கப்பில், ரோலர் ஓடும் பாதையில் கால்வாசிச் சுற்றுக்குச் செதில் உரிந்து, விரலால் தடவினாலே சொரசொரத்தது. பெரிய பேரிங் நீலம் பாய்ந்து, சூடேறிய அடையாளத்துடன் இருந்தது. ஸ்லீவ் அளவுக்கு மீறி நசுங்கியிருப்பதைப் புதியதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். கிரவுனின் பற்களில் குழியோ கோடோ இல்லை; ஆகவே செட்டை மாற்றவில்லை. மூச்சுக் குழலைக் கழற்றி ஊதிப் பார்த்தால் காற்றே போகவில்லை. உள்ளே செம்மண் களிமண்ணாக இறுகிக் கிடந்தது. பல் இடைவெளி 0.17 மில்லிமீட்டரில் நின்றது. ஜி.எல். 5 தர 85 டபிள்யூ 140 கியர் ஆயில் ஊற்றினார்கள்.

திரும்பி வரும் வழியில் 60இல் காலை எடுத்துக் கேட்டோம். ஊளை முற்றிலும் போய்விட்டது. செட்டுக்குக் கேட்ட தொகையில் சிறு பங்கிலேயே வேலை முடிந்திருக்கிறது. 62 பக்கத்து மேடு மட்டும் இன்னும் இருக்கிறது. காலி வண்டியில் 70ஐத் தாண்டும்போது தரையில் இலேசான அதிர்வாக அதை உணர்கிறேன். கோணங்களையும் அளந்தேன்: பின் ஷாஃப்டின் முன்முனையில் இரண்டு பாகை, பினியன் பக்கம் நான்கு பாகை.

ஸ்பிரிங் பட்டறைக்காரர்:

அந்த இரண்டு பாகை வேறுபாடு கூடுதல் பட்டையால் வந்தது. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவில் இரண்டு பாகை ஷிம் ஒன்றை வைத்து, பினியன் மூக்கைச் சற்று மேலே திருப்பினால் சமமாகிவிடும். ஆப்பின் தடித்த பக்கம் எந்தப் புறம் வர வேண்டும் என்பது ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆகவே வைத்தபின் மீண்டும் அளந்து பார்க்காமல் யூ போல்ட்டை முடுக்க வேண்டாம். லோடு ஏற்றிய நிலையிலும் ஒரு முறை அளந்துவிடுங்கள். உங்கள் ஓட்டத்தில் பாதி லோடோடுதான் என்பதால், இரண்டு நிலைக்கும் நடுவான ஒரு கோணத்தில் வைப்பதே நல்லது. அதுவரை 70க்கு மேல் போகாமல் ஓட்டினால் புது பேரிங்குகளுக்கும் நல்லது, ஜாயின்ட் கிராஸுக்கும் நல்லது.

சங்ககிரி பட்டறை:

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஆயிலை வடித்துவிட்டுப் புதியது ஊற்றிவிடுங்கள்; உரிந்த செதிலில் மிச்சம் ஹவுசிங்கின் மூலைகளில் ஒட்டியிருக்கும், அது புது பேரிங்குக்குள் போகக் கூடாது. ஊற்றும்போது வண்டி சமதளத்தில் நிற்க, ஆயில் மேல் துளையின் விளிம்பைத் தொட்டு வழியத் தொடங்கும் வரை ஊற்ற வேண்டும். மூச்சுக் குழலுக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டிச் சட்டத்தின் மேற்பகுதி வரை கொண்டுபோய் வளைத்துக் கட்டிவிடுங்கள்; தோட்டத்துச் சேற்றில் இறங்கினாலும் அடைக்காது. காந்தத்தை அப்போது ஒரு முறை பார்த்து, செதில் வரவில்லை என்றால் தயங்காமல் முழு லோடு ஏற்றலாம்.